வெள்ளச்சி கேட்ட அரிவாள்

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைப் பொலிவேந்தன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பது ஒரு மரியாதைக்குத்தான்; நினைத்த நேரத்தில் நினைத்ததைச் செய்வான், அவ்வளவே.

ஆதியில் அந்த நாட்டுக்கு ராஜாவே கிடையாது. வீட்டுக்கு வீடு அரிவாள், தினம் தினம் வெட்டுக்குத்து. சலித்துப்போன ஜனங்கள் கூடிப் பேசி, எல்லா அரிவாளையும் ஒருவனிடம் ஒப்படைத்து, "இனிமேல் எங்களைக் காப்பாற்றுவது உன் பொறுப்பு" என்றார்கள். அப்படி வந்ததுதான் அரண்மனை. அந்த அரிவாள்கள் இன்னமும் ஆயுதசாலையில் தொங்குகின்றன.

பட்டத்து யானையின் பிறந்தநாளுக்குச் சாமரம் வீச எல்லைக் காவலர்களை எல்லாம் வரவழைத்திருந்தான் ராஜா. யோசனை, அரசவைப் புலவர் அம்பலக்கூத்தருடையது. காவலில்லாத எல்லையோர ஊர் ஒன்றுக்குள் கொள்ளையர் புகுந்தார்கள். அந்த ஊர்க்காரி வெள்ளச்சியின் ஒரே மகள் பூவாயி வெட்டுப்பட்டுச் செத்தாள்.

வெள்ளச்சி சபைக்கு வந்தாள்.

"என்ன வேண்டும்? பொன்னா?" என்றான் ராஜா.

"எங்க வீட்டு அருவாளைக் குடுத்துருங்க சாமி. அது கையில இருந்திருந்தா எம்புள்ள செத்திருக்க மாட்டா."

"ராஜத்துரோகம்!" என்று குதித்தார் அம்பலக்கூத்தர். "சூரியனின் பேரனான உங்களிடமா கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாள்? தலையைச் சீவுங்கள், மகாராஜா! அமைச்சர் மட்டும் வாயே திறக்கவில்லை, பார்த்தீர்களா?" அமைச்சர் செங்கோடனார்மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை.

செங்கோடனார் எழுந்தார். "சீவலாம். அரிவாளைக் கொடுத்துவிட்டா, கொடுக்காமலா?"

"அதிலென்ன?" என்றான் ராஜா.

"கொடுத்துவிட்டால், அரிவாளை வாங்கிக்கொண்டு காப்பாற்றுவதாகப் பேசிய பேச்சு முடிந்தது. அவள் உங்கள் குடியே அல்ல. தண்டிக்க உங்களுக்கு உரிமையில்லை. கொடுக்காவிட்டால் அந்தப் பேச்சு இன்னும் செல்லும். அதை மீறியது அவளா, நீங்களா, மகாராஜா?"

ராஜாவின் முகம் செத்துவிட்டது. அம்பலக்கூத்தரை எல்லைக் காவலுக்குப் போகச் சொன்னான். முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். சபை ஆரவாரித்தது. செங்கோடனாருக்கோ உடம்பு கூசியது. பிள்ளை செத்த இடத்தில் என் சாமர்த்தியத்துக்கு மாலையா என்று நெஞ்சு வெந்தது.

துருவேறிய அரிவாள் வந்தது. ராஜாவே இறங்கி வந்து நீட்டினான். "வாங்கிக்கொள், தாயே."

வெள்ளச்சி வாங்கினாள். பிறகு அவன் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இத வச்சு நான் இனிமே யாரக் காப்பாத்தப் போறேன்? பக்கத்து வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு சாமி. அதுகளையாச்சும் காப்பாத்துங்க."