ஏழு புறா, ஒரு கூடை

"நான் கிளம்பத் தயாராயிட்டேன் தம்பி," என்றாள் சண்முகக்கனி.

"போன வருசமும் தயாராத்தான் இருந்தீங்க," என்றான் சாலமோன்.

அவன் மொட்டைமாடியில் புறாக்களுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வெல்டிங் பட்டறை. வயது முப்பத்தொன்று. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிற்றூரில், பந்தயப் புறா விஷயத்தில் அவன்தான் குரு. பக்கத்து வீட்டுத் தையல்காரி சண்முகக்கனி ஒரே சிஷ்யை. அவளுக்கு நாற்பத்து மூன்று. குருவுக்கு இப்போதுதான் மீசை முளைக்கிறது, சிஷ்யை தலைக்கு மை அடிக்கிறாள் என்று டீக்கடையில் சொல்வார்கள். இருவருமே அதைக் கேட்டுச் சிரித்ததுண்டு.

சேலத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையிலிருந்து அவளை மூன்று வருடமாகக் கூப்பிடுகிறார்கள். துணி வெட்டும் பொறுப்பு. முதல் வருடம், தம்பி மகளுக்குக் காதுகுத்து என்று தள்ளிப்போட்டாள். போன வருடம் பெட்டியோடு பஸ் ஏறியேவிட்டாள். சாத்தூரில் இறங்கித் திரும்பி வந்தாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம்.

அணைத்துத்தான் இருந்தது.

ஆனி பிறப்பதற்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகக் கடைக்கார அம்மாள் இந்தத் தடவை சொல்லிவிட்டாள்.

"நெசமாவே தயாரா இல்லையான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

சாலமோன் ஏழு இளம்புறாக்களைப் பிடித்து ஒரு மூங்கில் கூடைக்குள் விட்டான். மூடிக்குக் கம்பிக் கொக்கி, அவனே வளைத்தது. கூடையை அவள் கையில் கொடுத்தான்.

"சாத்தூர்ல திறந்து விட்டுட்டு வாங்க."

பந்தயத்துக்குப் பழக்குவது அப்படித்தான். ஒரே திசையில் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும்.

சாத்தூரில் ஒரு பொட்டலில் நின்று கொக்கியை எடுத்தாள். ஏழும் எழும்பின. இரண்டு சுற்று சுற்றின. பிறகு தெற்கே ஒரு கோடு போட்டதுபோலப் போய்விட்டன. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்து அதையெல்லாம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

"அடுத்த வாரம் விருதுநகர்," என்றான்.

விருதுநகரிலிருந்து புறாக்கள் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டன. அவள் வந்து சேரப் பதினோரு மணி ஆயிற்று.

"எப்படித் தம்பி இவ்வளவு வெரசா வருதுக?"

"சோடி இங்கதான இருக்கு. முட்டை இருக்கு. வருதுக." கூடையைக் கையில் வாங்கிக்கொண்டான். "நீங்க எதுக்குக்கா வந்தீங்க?"

"நல்லா இருக்கே கேள்வி. கூடையைத் திருப்பித் தரணுமில்ல?"

அவன் தலையசைத்தான். கொக்கிக்கு எண்ணெய் விட்டான்.

மதுரைக்கு முதல் பஸ்ஸில் போனாள். அந்த முறை கரும்பட்டை என்ற ஆண்புறா மட்டும் இரண்டு நாள் கழித்து வந்தது. எங்கே போயிருந்திருக்கும் என்று கேட்டாள்.

"கேக்கக் கூடாதுக்கா. கோவிச்சுக்கும்."

திண்டுக்கல்லுக்கு முதல் நாள் மாலையே போக வேண்டியிருந்தது. விடியும்போது திறந்தால்தான் புறாவுக்கு முழுப் பகல் கிடைக்கும். இரவெல்லாம் பஸ் நிலையத்தில் பெண்கள் காத்திருக்கும் அறையில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரூரில் அறை எடுத்தாள். யாரிடம் வழி கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்பது பிடிபட்டிருந்தது. இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வானம் எப்படி இருந்தது, காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டான்.

"இதுகளுக்குப் பயமே கிடையாது தம்பி," என்றாள் கரூரிலிருந்து வந்த அன்று. "ரெண்டே சுத்து. அப்புறம் ஒரு சந்தேகமும் இல்ல."

"அதுகளுக்குப் போகத் தெரியாதுக்கா. திரும்பத்தான் தெரியும்," என்றான் சாலமோன். "அம்புட்டுத் தூரமும் போறது நீங்க."

சண்முகக்கனி காலிக் கூடையை அவனிடம் நீட்டினாள்.

"அடுத்து சேலம்," என்றான். "மேகம் இருந்தா திறக்காதீங்க. ஒண்ணுகூட வீடு சேராது."

சேலத்தில் மேகம் இருந்தது.

லாட்ஜ்காரர் கூடைக்குள் குனிந்து பார்த்தார். ஆளுக்கு அறை உண்டு, புறாவுக்குக் கிடையாது என்றார். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த முகவரி ஒன்றுதான்.

கடைக்கார அம்மாள் கூடையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"வேலைக்கு வரச் சொன்னா புறாவோட வந்திருக்கே?"

"வேலைக்கு வரலம்மா. வானம் வெளுத்ததும் போயிருவேன்."

கடைக்கு மேலே ஒரு சின்ன அறை இருந்தது. அதைத் திறந்து விட்டாள்.

மறுநாளும் மேகம். விசாரித்துக்கொண்டே போய்க் கம்பு விற்கும் கடையைக் கண்டுபிடித்தாள். திரும்பி வரும்போது பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருக்கிறது என்று கீழே கடையில் யாரோ புலம்பிக்கொண்டிருந்தார்கள். காக்கித் துணி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு வராது. கத்திரிக்கோலை எடுத்தாள்.

அதற்கு மறுநாளும் மேகம். தைக்கிற பெண்கள் அவளை மாஸ்டரக்கா என்று கூப்பிட்டார்கள். ஒருத்தி, அக்கா ஊரில் புறாதான் துணி வெட்டுமா என்று கேட்டாள். புறா அளவெடுக்கும், வெட்டுவது நாங்கள்தான் என்றாள் சண்முகக்கனி. மாலையில் டீ குடிக்க வெளியே வந்தபோது ஒரு கிழவர் பஸ் நிலையத்துக்கு வழி கேட்டார். இரண்டாவது வளைவில் திரும்பச் சொன்னாள். அவர் போன பிறகுதான், தான் வழி சொன்னது அவளுக்கே உறைத்தது.

நான்காம் நாள் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது.

மாடியில் நின்று கொக்கியை எடுத்தாள். இரண்டு சுற்று. தெற்கு.

பதினொன்றரைக்கு சாலமோன் போனில் கூப்பிட்டான்.

"வந்துட்டுதுக்கா."

"ஏழுமா?"

"ஏழும். கரும்பட்டைதான் முதல்ல."

அவள் கையில் காலிக் கூடை இருந்தது. கீழே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மாஸ்டரக்கா என்று யாரோ படியில் நின்று கூப்பிட்டார்கள்.

"அப்ப நான் மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புதேன் தம்பி. கூடை இருக்கே."

அந்தப் பக்கம் சிறகுச் சத்தம் கேட்டது.

"திருநெல்வேலி பஸ் கண்டக்டர்ட்ட கொடுத்து விடுங்கக்கா," என்றான் சாலமோன். "கூடையை நான் கோவில்பட்டியில வாங்கிக்கிடுதேன்."