அறுபது பாயிண்ட் காற்று

“அந்த மாரப்பனை அனுப்பிடுங்க அம்மா” என்றான் சீராளன்.

பூரணியம்மா மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“என்ன செஞ்சாரு?”

“ஒண்ணுமே செய்யறதில்லை. விடியக்காலைத் தியானத்துக்கு எல்லாரும் வர்றோம். அவர் படுத்தே கிடக்கார். கேட்டா, சம்சாரம் செல்லாயி போன துக்கம்கிறார். துக்கமில்லாம யார் இந்த மலைக்கு வந்தா?”

மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்தின் ஒழுங்கு சீராளன் பொறுப்பு. மடத்துப் பிக்கப் வண்டியும் அவன் பொறுப்பு. முன்பு லாரி ஓட்டியவன். பூரணியம்மாவுக்கும் அவன் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளைத்தான் குருவென்று நம்பி வந்திருந்தான்.

“வண்டிக்குக் காத்து எவ்வளவு வெச்சிருக்கே?” என்று கேட்டாள் அவள்.

சீராளன் விழித்தான்.

“பின் டயருக்கு அறுபது பாயிண்ட். கிழங்கு மூட்டை ஏத்த அதுதான் சரி.”

“மூட்டை இல்லாதப்போ?”

“அப்பவும் அதேதான். ஒரே அளவா இருந்தா குழப்பமில்லை.”

அவள் அடுத்த குச்சியை எடுத்தாள்.

அவள் மறுக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் சீராளன். நேரே மாரப்பரிடம் போனான்.

“நாளைக்கு எழுந்திரிக்கலைன்னா ஊருக்குக் கிளம்பிடுங்க.”

மறுநாள் மாரப்பர் எழுந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். எல்லாருக்கும் முன்னால் குளித்துவிட வேண்டுமென்று இருட்டோடு ஓடைக்குப் போனார். பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்தார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

வண்டியின் பின்னால் வைக்கோல் பரப்பி அவரைப் படுக்கவைத்தார்கள். பூரணியம்மா ஏறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சீராளன் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

கல் பாதை. பாரமில்லாத வண்டி, அறுபது பாயிண்டில் விறைத்த டயர். ஒவ்வொரு கல்லிலும் பின்பக்கம் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு முறையும் மாரப்பர் அலறினார்.

மெதுவாக ஓட்டிப் பார்த்தான். அப்போதும் அலறினார். பிறகு அந்த அலறலில் ஒரு பெயர் வந்தது.

“செல்லாயி… செல்லாயி…”

சீராளன் வண்டியை நிறுத்தினான்.

இறங்கிப் பின்சக்கரத்தின் அருகே குந்தினான். வால்வு மூடியைக் கழற்றி, ஒரு குச்சியால் அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. காற்றை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தான். மறுபடி அழுத்தினான். அடுத்த சக்கரத்துக்குப் போனான்.

“இன்னும் இறக்கினா இன்னும் மெத்துன்னு இருக்குமே?” என்றாள் பூரணியம்மா மேலிருந்து.

“வேண்டாம்மா. ரொம்ப இறக்கினா கல்லுல ரிம் இடிக்கும். டயர் கிழிஞ்சா பாதி வழியில நிக்கணும்.”

“அப்போ எவ்வளவுதான் வெக்கணும்?”

சீராளன் வாயைத் திறந்தான். எண் வரவில்லை.

வைக்கோலின் மேல் வெளுத்துக் கிடந்த முகத்தைப் பார்த்தான். சரிந்து இறங்கும் பாதையைப் பார்த்தான்.

“இவருக்கு, இந்தப் பாதைக்கு, இது போதும்.”

வண்டி நகர்ந்தது. கல் வந்தபோது டயர் அதை வாங்கிக்கொண்டது. மாரப்பர் முனகினார். அலறவில்லை.

தார் ரோடு வந்ததும் முதல் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, ரோட்டுக்கு வேண்டிய காற்றை ஏற்றிக்கொண்டு வேகம் பிடித்தான்.

அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. பூரணியம்மாவை மடத்துக்கு பஸ் ஏற்றிவிட்டுச் சீராளன் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டான்.

அடுத்த நாள் மாரப்பர் கண் விழித்தபோது, கட்டிலருகே அவன்தான் உட்கார்ந்திருந்தான். அவனைக் கண்டதும் அவர் முகம் பதறியது. கையை ஊன்றி எழப் பார்த்தார்.

“நேரமாயிருச்சா தம்பி? இதோ… எழுந்துட்டேன்.”

ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது.

சீராளன் அவர் தோளைத் தாங்கி மெல்லத் தலையணையில் சாய்த்தான். எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான்.

“இன்னும் விடியலை அண்ணே. தூங்குங்க.”