முறுக்கு டப்பாவுக்குக் கட்டிய மணி

குருவம்பாளையம் மாட்டுச் சந்தையில் செங்கோடன், மாரப்பன், குப்பணன் என்று மூன்று தரகர்கள் உண்டு. மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பது மூவருக்குமே தெரியாது. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயதைப் புட்டுப்புட்டு வைப்பார்கள். மனுஷர் ஏதாவது சொன்னால் மட்டும் அதைச் சொன்னது சொன்னபடியே செய்துவிடுவார்கள். வினை அங்கேதான்.

மூவரில் பெரியவர் செங்கோடன். வெறுங்கையோடு சந்தைக்கு வந்து, நாலு பேரிடம் ஏமாந்து, நாற்பது பேரிடம் சண்டை போட்டு ஆளானவர். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பேரத்தில் இதுவரை தோற்றதே இல்லை என்று சொல்வார். அதை அவர் மட்டும்தான் சொல்வார்.

அவருக்கு ஒரே மகள், வர்ணிகா. பத்து வயது. இரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் இன்சுலினைத் தானே போட்டுக்கொள்வாள், கெட்டிக்காரி. நடுவில் முறுக்கு, பொரியுருண்டை என்று கை நீண்டால் மட்டும் ஊசி மறந்துபோகும். பள்ளிக்கூடத்தில் கொடைக்கானலுக்கு இரண்டு நாள் சுற்றுலா போகிறார்கள். டாக்டர் கடிதம் தந்தால்தான் கூட்டிப்போவேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். வர்ணிகா மூன்று நாளாக அழுது அழுது கண் வீங்கிப்போனாள். மகள் அழுதால் செங்கோடனுக்குச் சோறு இறங்காது. தரகர்கள் இருவரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, மகளோடும் மனைவி வசந்தாமணியோடும் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"பத்து நாள்," என்றார் டாக்டர். "நொறுக்குத்தீனிக்கு முன்னாடி ஒருவாட்டிகூட மறக்காம ஊசி போட்டு, நோட்டுல எழுதிட்டு வரட்டும். கடிதம் தரேன்."

செங்கோடனுக்கு ரத்தம் கொதித்தது. எதிராளி சொன்ன எண்ணை அப்படியே ஒத்துக்கொள்ள அவர் என்ன நேற்றுப் பிறந்தவரா? தோள் துண்டை உதறி டாக்டரின் கைமேல் போட்டார். துண்டுக்கு அடியில் கையை விட்டு விரல்களைக் கவ்வினார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். வாய் திறக்காமல் விரலாலேயே.

நாடி பார்க்கிறார் போல என்று நினைத்து டாக்டர் பேசாமல் இருந்தார். கூச்சத்தில் ஒரு விரல் நெளிந்தது. செங்கோடன் ஒரு விரலை அழுத்தினார். அது மறுபடி நெளிந்தது. இவர் மறுபடி அழுத்தினார். வேர்த்து விறுவிறுத்து ஐந்து நிமிஷம் கழித்துத் துண்டை எடுத்தார்.

"பதினாலு! இதுக்குமேல ஒரு நாள் குறைக்கமாட்டேன்!"

"பதினாலா? ரொம்ப நல்லது," என்றார் டாக்டர்.

வசந்தாமணி தலையில் அடித்துக்கொண்டாள். வர்ணிகா அலறினாள்: "அப்பா! நாம குறைக்கணும்ப்பா! பதினஞ்சாம் நாள் பஸ்ஸு!"

"தரகனுக்குப் பேசினா ஏறணும் அம்மிணி. இறங்கினா அது பேரமா?" என்றார் செங்கோடன்.

வெளியே வரும்போது நர்ஸ் ஒரு யோசனை சொன்னாள். "தீனி டப்பாவுல ஒரு மணி கட்டி வைங்க. மணி அடிச்சா, பக்கத்துல இருக்கறவங்க 'ஊசி'ன்னு ஒரு சத்தம் குடுங்க. பாப்பாவுக்கு ஞாபகம் வந்துரும்."

வீட்டுக்கு வந்ததும் முறுக்கு டப்பாவை நடுவில் வைத்து மூவரும் உட்கார்ந்தார்கள்.

"மணியக் கழுத்துலதான கட்டோணும். இதுக்குக் கழுத்து எது மாமா?" என்றார் குப்பணன்.

"மூடிக்குக் கீழ ஒடுங்கியிருக்கு பாரு, அதான்," என்றார் செங்கோடன்.

"கட்டியாச்சு. அப்படியே அவுத்து விட்டுர்றதா?" இது வசந்தாமணியின் தம்பி மாரப்பன். "மணி கட்டினதை எவனாவது அவுத்து விடுவானா மச்சான்? எங்காவது போயிருச்சுன்னா?"

நியாயமான கேள்வி. டப்பாவைத் தொழுவத்துக்குக் கொண்டுபோய், செவலைக்காளைக்குப் பக்கத்து முளையில் கயிறு போட்டுக் கட்டினார்கள். குப்பணன் மனசு கேட்காமல் ஒரு கைப்பிடி வைக்கோலும் வைத்தார்.

முறுக்கு வேண்டுமென்றால் வர்ணிகா சாணியை மிதித்துத் தொழுவத்துக்குப் போகவேண்டும். டப்பாவைத் தொட்டால் மணி அடிக்கும். உடனே மூன்று தொண்டைகள் "ஊசி!" என்று கிழியும். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. சந்தை.

மூவரும் மைதானத்துக்குள் கால் வைத்ததும் ஒரு எருமை தலையை ஆட்டியது. மணி அடித்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இது டப்பா மணி இல்லியே," என்றார் மாரப்பன்.

"நர்சம்மா எந்த மணின்னு சொன்னாங்களா?" செங்கோடனுக்குக் கோபம் வந்தது. "மணி அடிச்சான்னுதான சொன்னாங்க? என்ற புள்ள சுத்துலா போறதா வேண்டாமா? கத்துடா!"

"ஊசி!"

அன்று சந்தைக்கு வந்திருந்த மாடுகள் நானூறு. ஒரு மாடாவது தலையை ஆட்டாமல் நிற்குமா? அங்கே "ஊசி!", இங்கே "ஊசி!" என்று மூவரும் மைதானம் முழுக்க ஓடினார்கள். கால்நடை டாக்டர் வந்துவிட்டார் என்று பாதிப்பேர் மாடுகளை வரிசையில் நிறுத்தினார்கள். சந்தைக்கே கோமாரி வந்துவிட்டது என்று மீதிப்பேர் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துப் போனார்கள். அதைப் பார்த்து வரிசையில் நின்றவர்களும் ஓடினார்கள். மத்தியானத்துக்குள் மைதானத்தில் சாணியும் மூன்று தரகர்களும்தான் மிச்சம்.

செங்கோடன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். நிசப்தம்.

"ஒரு மணிகூட அடிக்கல," என்றார் நிம்மதியாக. "பாப்பா இப்ப ஒண்ணுமே திங்கல."

ஒன்பதாம் நாள் அவர்களுக்கு இன்னொரு உண்மை புலப்பட்டது. பள்ளிக்கூடத்திலும் மணி உண்டு. இடைவேளை மணி அடித்ததும் மதில்மேல் மூன்று தலைகள் முளைத்து "ஊசி!" என்று முழங்கின. அறுநூறு பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்தன. தடுப்பூசிக்காரர்கள் எங்கே என்று தலைமையாசிரியை பிரம்போடு தேடினார்.

வர்ணிகா மதிலோரம் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்பா, சாமி, போயிருங்கப்பா. சத்தியமா நானே ஞாபகம் வெச்சுக்கறேன்."

வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் முறுக்கைக் கண்ணால் பார்த்தாலே அப்பாவின் தொண்டை காதில் கிழிந்தது. கை தானாக இன்சுலின் பேனாவுக்குப் போனது. பதினாலு நாளும் நோட்டில் ஒரு வேளைகூட விடுபடவில்லை. டாக்டர் கடிதம் கொடுத்தார். பதினைந்தாம் நாள் விடியற்காலை பஸ் கிளம்பியது. செங்கோடன் பஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் திரும்பினார்.

வந்து தொழுவத்தில் டப்பாவுக்கு முன் மூவரும் உட்கார்ந்தார்கள். எட்டு மணி ஆனது. பத்து ஆனது. சத்தம் இல்லை.

"மச்சான்," என்றார் மாரப்பன் மெதுவாக, "மணியே அடிக்கலியே."

செங்கோடன் துள்ளி எழுந்தார். "அடிக்கலைன்னா பாப்பா திங்கலைன்னு அர்த்தம். காத்தால இருந்து பட்டினி!"

"அப்ப நாம அடிச்சா?" என்றார் குப்பணன்.

அன்றைக்கு மூளை அவரிடம்தான் இருந்தது போலிருக்கிறது. உடனே டப்பாவைத் திறந்தார்கள். மணி அடித்தது. "ஊசி!" என்று கத்தினார்கள். சும்மா திறந்து மூடினால் குழந்தை வயிறு எப்படி நிறையும்? ஆளுக்கொன்றாகத் தின்றார்கள். மறுபடி மணி, மறுபடி "ஊசி!", மறுபடி முறுக்கு. டப்பா காலியானபோது குப்பணன் திடுக்கிட்டார்.

"மாமா! புள்ள ஒம்பது முறுக்கு தின்னுட்டா!"

செங்கோடன் சுற்றுலாவுக்குக் கூடப் போன டீச்சருக்குப் போன் போட்டார். டீச்சர் போனை வர்ணிகாவிடம் கொடுத்தார்.

"நான் படகுல இருக்கேன்ப்பா. இட்லி சாப்பிட்டேன், அதுக்கு ஊசியும் போட்டாச்சு. முறுக்க யாரு தின்னாங்க?"

"நாங்க மூணு பேரும்தான்."

"அப்ப அது உங்க வயித்துல இருக்கு. என்ற வயித்துல இல்ல. வெச்சிரட்டுமா?"

மூவரும் காலி டப்பாவை எட்டிப் பார்த்தார்கள்.

"திங்கறதுக்கு முன்னாடி ஊசின்னாரு டாக்டரு," என்றார் மாரப்பன். "நாம தின்னுட்டோம்."

அடுத்த அரை மணியில் மூவரும் ஆஸ்பத்திரியில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வரிசையாக நின்றார்கள். டாக்டர் முழுக்கதையையும் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "உங்களுக்குச் சர்க்கரை நோயே இல்ல. ஒரு ஊசியும் வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

ஒன்றும் இல்லையா? வெறுங்கையோடு திருப்பி அனுப்ப அவர் யார்? செங்கோடனுக்கு மூக்கு சிவந்தது. துண்டை உதறி டாக்டரின் கைமேல் போட்டார். டாக்டரின் விரல் நெளிந்தது. செங்கோடன் அழுத்தினார். ஐந்து நிமிஷம் கழித்து, வேர்த்த முகத்தோடு வெற்றிவீரனாகத் திரும்பினார்.

"மூணு!"

"மொத்தமாவா, ஆளுக்கா?" என்றார் மாரப்பன்.

செங்கோடன் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு காளை செத்திருக்கும்.

"என்னைய யாருன்னு நெனச்சே? ஆளுக்குடா!"