வர்றவங்களுக்கு

அன்று மடத்துச் சாமான் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். குரு, வயது ஐம்பத்தெட்டு. மடத்துக்குச் சாமான் வாங்கிச் சமைக்கும் சிஷ்யை வடிவம்மை, அறுபத்தாறு. சாமான்களை எண்ணி வைக்கும் நான், எழுபத்தொன்று.

வடிவம்மைக்குக் கால்விரல்கள் ஒன்பது. சர்க்கரை நோய். ஒரு விரலைத் தை மாதம் எடுத்துவிட்டார்கள். இப்போது பக்கத்து விரலிலும் புண். கட்டுப் போட்டிருந்தது.

“ஒரு மாசம் பார்ப்போம்னு டாக்டர் சொல்லிட்டாரு சாமி. சர்க்கரை இறங்கலைன்னா இதையும் எடுக்கணுமாம். நான் என்ன செய்ய? இந்த நாக்கு கேக்க மாட்டேங்குதே.”

குரு கையை நீட்டினார்.

“சந்தைச் சீட்டைக் குடுங்க.”

படித்தார்.

“கடலைமிட்டாய் முப்பது. யாருக்கு?”

“வர்றவங்களுக்கு.”

“சீனி? ரஸ்க்கு?”

“அதுவும் வர்றவங்களுக்குத்தான். வெயில்ல நடந்து வர்ற சனம். எனக்குன்னு ஒரு கடுகு வாங்கினது உண்டா? அண்ணாச்சியைக் கேளுங்க.”

குரு என்னைப் பார்த்தார்.

“இல்லை” என்றேன். அது உண்மை.

“போன வாரம் எத்தனை பேர் வந்தாங்க அண்ணாச்சி?”

“மூணு பேர்.”

“மிட்டாய் எத்தனை மீதி?”

நான் தரையைப் பார்த்தேன்.

“ஒண்ணும் இல்ல” என்று வடிவம்மையே சொன்னாள். சேலையை இழுத்துக் கட்டை மறைத்துக்கொண்டாள்.

குரு சீட்டில் எதையும் அடிக்கவில்லை.

“இன்னைக்கு ஒரு அம்மா வர்றாங்க. சர்க்கரை. கால்ல புண்ணு. என்ன சமைப்பீங்க?”

“ஐயோ பாவம்.” அவள் நிமிர்ந்துவிட்டாள். “சோறு ஒரு கரண்டி போதும். முருங்கைக்கீரை, பாசிப்பயறு, புடலங்காய்க் கூட்டு. சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல். இனிப்பைக் கண்ணுலயே காட்டக் கூடாது.”

“எழுதுங்க.”

எழுதினாள். இடம் போதாமல் சீட்டின் பின்பக்கமும் எழுதினாள்.

“எத்தனை நாள் தங்குவாங்க?”

“ரொம்ப நாள் தங்கணும்.”

“அப்ப பயறு ஒரு கிலோ பத்தாது.” திருத்தினாள். “எப்ப வருவாங்க சாமி?”

எங்கள் மடத்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அது வடிவம்மையின் வேலை.

குரு எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் முன் குனிந்தார். கட்டுப் போட்ட கால் நனையாமல், மற்றக் காலில் ஊற்றினார்.

“சாமி! என் காலையா?”

“வந்தவங்க காலை.”

அவள் மூக்கைச் சிந்தினாள். பிறகு சீட்டை எடுத்து, முப்பதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினாள்.

அந்த வாரம் மடத்தில் விருந்தாளிகள் ஐந்து பேர், வடிவம்மையையும் சேர்த்து. மிட்டாய் தின்றவர்கள் நான்கு பேர். மீதி இரண்டு.

மாதம் முடிந்து டாக்டர் கட்டை அவிழ்த்தபோது நானும் கூட இருந்தேன். எண்ணினேன்.

ஒன்பது.