கரும்பாறையின் அந்திச் செய்தி

பொழுது இறங்கிச் சற்று நேரம் ஆகியிருந்தது. காட்டுக்குள் எங்கேயோ யாரோ ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. கர்ர்... கர்ர்... நின்றது. மறுபடியும் கேட்டது.

முள்ளம்பன்றி மங்கா தன் இரண்டு குட்டிகளையும் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். பிறந்து பத்தே நாள் ஆன குட்டிகள். அவற்றின் முட்கள் இன்னும் புல்லைப்போல மெத்தென்றுதான் இருந்தன.

அது சிறுத்தையின் குரல் என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. மலை அந்தக் குரலை வாங்கி ஆற்றுப்பக்கம் வீசியது. ஆறு அதை வாங்கி மலைக்கே திருப்பி அனுப்பியது.

கரும்பாறைக் காட்டில் எல்லா வளைகளுக்கும் இரண்டு வாசல். ஒன்று மலையைப் பார்த்திருக்கும், இன்னொன்று ஆற்றைப் பார்த்திருக்கும். இரண்டுக்கும் கதவும் தாழ்ப்பாளும் உண்டு. ஆனால் இரண்டையும் சேர்த்து அடைத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டிவிடும். ஆகவே ஒவ்வோர் இரவும் ஒரு வாசலை அடைக்க வேண்டும், ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். எதை அடைப்பது? அதைச் சொல்லத்தான் அந்திச் செய்தி இருந்தது.

செய்தி சொல்பவன் மயில் மயூரன். முன்பெல்லாம் அவன் பொழுது சாயும்போது மருதமரத்தின் உச்சிக்குப் பறந்து போய் நாலு பக்கமும் பார்ப்பான். பிறகு கரும்பாறைமேல் வந்து நின்று, "வணக்கம். சிறுத்தை இன்று மலைப்பக்கம்" என்பான். அவ்வளவுதான். காடே போய் மலைவாசலை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும்.

நாளாக ஆக, எல்லோரும் செய்தியைவிட மயூரனின் தோகையை அதிகம் புகழ ஆரம்பித்தார்கள். மரத்துக்குப் போய் வந்தால் தோகை கசங்கியது. அதனால் அவன் மரத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். நரி வந்து காதில் சொல்வதைக் கேட்டு, அதையே அழகாகச் சொன்னான்.

ஒருநாள் "ஆற்றுப்பக்கம்" என்றான். சிறுத்தை மலைப்பக்கமாக வந்தது. கீரி வீராயியின் மூத்த பிள்ளை போய்விட்டது.

மறுநாள் அந்தியில் எல்லோரும் மயூரனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பை ஒப்புக்கொண்டால் இனி யார் நம்மை நம்புவார்கள் என்று அவன் பயந்தான். வீராயியின் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தோகையை இன்னும் அகலமாக விரித்து, இன்னும் உரக்கச் செய்தி சொன்னான்.

பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்கென்று வாகைமரத்தில் கிளிகள் ஒரு செய்தி தொடங்கின. மயூரன் மலை என்றால் கிளிகள் ஆறு என்றன. பாறைக்காரர்களும் வாகைக்காரர்களும் ஒரே ஓடையில் தண்ணீர் குடித்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மிச்சம் இருந்தவர்கள் எல்லாமே பொய் என்று சொல்லி எதையும் கேட்பதில்லை. அதுவும் உதவவில்லை. ஏதாவது ஒரு கதவை அடைத்துத்தானே ஆக வேண்டும்?

ரம்பச் சத்தம் கேட்ட அந்த இரவில் மங்கா எந்தக் கதவையும் அடைக்கவில்லை. இரண்டு வாசலுக்கும் நடுவே முட்களை விரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வளையிலிருந்து, எறும்பு தின்னும் அழுங்கு சுருளாண்டி மண்சுவரைத் தட்டி, இன்றைக்கு எந்தப் பக்கமாம் என்று கேட்டான். செய்தி கேட்கப் போகச் சோம்பல்படுகிறவன் அவன். கிளிகள் ஆற்றுப்பக்கம் என்று சொன்னதாக ஓணான் சொல்லியிருந்தது மங்காவுக்கு நினைவு வந்தது. அதை அப்படியே சொன்னாள். சுருளாண்டி ஆற்றுவாசலை அடைத்துவிட்டுப் படுத்தான்.

விடிந்ததும் அவன் தள்ளாடிக்கொண்டு வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் புழுதி. முதுகில் இரண்டு செதிலைக் காணோம்.

"மலைவாசல் வழியா வந்திச்சு, தாயி. ராத்திரி முழுக்க என்னைப் பந்து மாதிரி உருட்டி விளையாடிச்சு. நான் சுருண்டுக்கிட்டதால தப்பிச்சேன். ஆத்துப்பக்கம் இருந்ததை நீ பாத்தியா?"

"இல்லண்ணே. கிளி சொன்னதா ஓணான் சொன்னான்."

"கிளிக்கு யாரு சொன்னா?"

மங்கா குட்டிகளை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சரி, உன் பிள்ளைங்களுக்கு நீ எந்தக் கதவை அடைச்ச?"

"எதையும் அடைக்கலை. எனக்கு நம்பிக்கை வரலை."

"உனக்கே நம்பிக்கை வராததை எனக்கு எதுக்குச் சொன்ன?" என்று கேட்டான் சுருளாண்டி. அவன் திட்டியிருந்தால்கூட மங்காவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவள் நேராக வாகைமரத்துக்குப் போனாள். கிளிகளிடம் கேட்டாள். பாறையில் மலை என்று சொன்னதால் தாங்கள் ஆறு என்று சொன்னதாகக் கிளிகள் கூறின. மயூரனிடம் கேட்டாள். நரி சொன்னது என்றான். நரியைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். மலையாக இருக்கலாம் என்றுதான் சொன்னேன், மலை என்று சொல்லவில்லையே என்று நரி வாலை ஆட்டியது. முந்தின இரவு மயூரன் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் மூன்று வாயும் சேர்ந்து ஒரு கண்ணைக்கூட வைத்திருக்கவில்லை.

மங்கா குட்டிகளைச் சுருளாண்டியிடம் விட்டாள். இரவு பட்ட பாடு போதாதா, இப்போது பிள்ளை பார்க்கும் வேலையுமா என்று அவன் முணுமுணுத்தான். ஆனாலும் வாசலை மறித்துச் சுருண்டுகொண்டான்.

நடுப்பகலில் மங்கா மலைப்பாதையில் நடந்தாள். இருட்டுக்குப் பழகிய கண்களுக்கு வெயில் ஊசிபோலக் குத்தியது. பயத்தில் முட்கள் தாமாகவே கலகலத்தன. அந்தச் சத்தம் சிறுத்தையை எழுப்பிவிடுமோ என்று அதற்கும் சேர்த்துப் பயந்தாள். குட்டிகளின் மெத்தென்ற முட்களை நினைத்துக்கொண்டு மேலே போனாள்.

ஊற்றோரச் சேற்றில் நான்கு விரல் தடம். தடத்தில் ஊறிய தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தது. அதற்கு மேலே ஒரு பாறைப் பிளவு. பிளவிலிருந்து ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. வாலின் நுனி மட்டும் அசைந்தது.

மங்கா ஓடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே பின்பக்கமாக நடந்து இறங்கினாள்.

அன்று அந்தியில், மயூரன் வருவதற்கு முன்பே அவள் கரும்பாறைமேல் ஏறிவிட்டாள். குட்டையான, மண் ஒட்டிய முள்ளம்பன்றி ஒன்று பாறைமேல் நிற்கும் விந்தையைப் பார்க்க வாகைக்காரர்களும் வந்துவிட்டார்கள். குட்டிகள் இரண்டும் சுருளாண்டியின் முதுகில் உட்கார்ந்திருந்தன.

"முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள் மங்கா. "நேத்து சுருளாண்டி அண்ணன்கிட்ட ஆத்துப்பக்கம்னு சொன்னேன். நான் பாக்கலை. கேட்டதைச் சொன்னேன். அவர் உயிர் போகப் பாத்துச்சு. தப்பு என்னோடது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பாறையில் அப்படி ஒரு வார்த்தையை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை.

"இன்னைக்கு மலைக்குப் போனேன். ஊத்தோரம் தடம் இருந்துச்சு. மேல பிளவுல சிறுத்தை படுத்திருக்கு. வாலை என் கண்ணால பாத்தேன்."

நேற்று இரண்டு குரல் கேட்டதே, ஆற்றுப்பக்கம் இன்னொன்று இருக்கிறதா என்று ஓணான் கேட்டது.

"தெரியாது. நான் அங்க போகலை."

இதற்குள் மயூரன் வந்துவிட்டான். "தெரியாது என்பதும் ஒரு செய்தியா?" என்று கழுத்தை நிமிர்த்திக் கேட்டான்.

கீரி வீராயி எழுந்தாள். பிள்ளை போன நாளிலிருந்து அவள் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. "எனக்குத் தெரியாதுன்னு அன்னைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் விடிய விடிய முழிச்சிருந்திருப்பேன்" என்றாள்.

மயூரன் மங்காவைப் பார்த்தான். அவள் தலை குனியாமல் நின்றிருந்தாள். தப்பைச் சொன்ன பிறகும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை என்பதையும் பார்த்தான்.

"அன்றைக்கு நான் மரத்துக்குப் போகவில்லை, வீராயி" என்றான். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

வீராயி மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "இன்னைக்குப் போ" என்றாள்.

மயூரன் பறந்தான். கனத்த தோகை கிளைகளில் மாட்டியது. இறகுகள் இரண்டு மூன்று உதிர்ந்தன. அவன் நிற்கவில்லை. உச்சிக்குப் போய், வெளிச்சம் மங்கும்வரை ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான்.

"ஆற்றங்கரையில் இந்தக் கரை முழுவதும் பார்த்தேன். சிறுத்தை இல்லை. அந்தக் கரை நாணலுக்குள் எனக்குக் கண் எட்டவில்லை" என்றான். நடுவில் ஆறு ஓடுகிறது, அது போதும் என்று எல்லோரும் தலையசைத்தார்கள்.

கூட்டம் கலைந்தது. பாறைக்காரர்களும் வாகைக்காரர்களும் ஒரே வழியில் நடந்து போனார்கள். காடெங்கும் மலைவாசல்கள் ஒவ்வொன்றாக அடைபடும் ஓசை கேட்டது.

"யாரு பெத்த பிள்ளைங்கடா நீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான் சுருளாண்டி. குட்டிகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. மெத்தென்ற முட்களைச் சிலிர்த்துக் காட்டின. மங்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல முன்னால் நடந்தாள். அவள் நடையில் மட்டும் ஒரு நிமிர்வு இருந்தது.

வளைக்குள் வந்ததும் குட்டிகளைப் படுக்க வைத்தாள். ஆற்றுவாசலைக் காற்றுக்குத் திறந்து விட்டாள். மலைவாசல் கதவைச் சாத்தி, இந்த முறை கொஞ்சமும் தயங்காமல், உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.

தன் தவறைத் தானே முதலில் சொல்லி, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவரின் வார்த்தையைத்தான் நம்பி ஊர் கண்மூட முடியும்.