தளவாய் வீட்டுப் பவளம் தூங்கப்போன கதை

வெள்ளாங்குறிச்சிக்காரர்களிடம் எதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் செய்துவிடுவார்கள். ஒருமுறை டவுன் பஸ்ஸில் ஏறிய வெள்ளாங்குறிச்சிக்காரர்களைப் பார்த்துக் கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்களும் போய்க்கொண்டே இருந்தார்கள். முன்வாசல் வந்தது, இறங்கினார்கள், பஸ் போய்விட்டது. கண்டக்டர் மேல் அவர்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் சொன்னதைச் செய்தாயிற்றே.

அந்த ஊரில் பந்தல், லைட், மைக்செட் வாடகைக்கு விடும் கடை ஒன்றை மூன்று கூட்டாளிகள் நடத்திவந்தார்கள். கோமதிநாயகம், இசக்கியப்பன், சுடலைமணி. மூவரில் கோமதிநாயகத்துக்கு மட்டும் மனசில் ஒரு பாரம். கிழக்குத் தெரு தளவாயின் இளைய மகள் வடிவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. வடிவுக்கும் சம்மதம்தான். சொன்னதை அப்படியே செய்கிற ஆண்பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கிறான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

தளவாய் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலை விட்டு வர மனசில்லாமல் அதில் கொஞ்சத்தைக் கூடவே கொண்டுவந்தவர் மாதிரி, முன் அறையில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். உப்புத் தண்ணீர், அலை அடிக்க ஒரு மோட்டார், மேலே நீல விளக்கு, இரண்டு கோமாளி மீன்கள். நடுவில் காலிபிளவர் அளவுக்கு ஒரு பவளம், நல்ல காப்பிக்கொட்டை நிறத்தில், விரல் விரலாக நீட்டி ஆடிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது அவர் மனைவியின் குறை.

பெண் கேட்டுப் போன கோமதிநாயகத்திடம் அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூத்த மகளின் பிரசவத்துக்காகக் குடும்பத்தோடு மும்பை போவதாகவும், திரும்பி வரும்வரை இந்தப் பவளத்தை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

"இது கல்லும் இல்ல, செடியும் இல்ல தம்பி. உசிருள்ள பிராணி. நான் வரும்போது இது இருந்தா உக்காந்து பேசுவோம். இல்லன்னா நீரு இந்தத் தெருவுலயே நடக்கக் கூடாது."

கோமதிநாயகம் யோசித்துப் பார்த்தான். பெண் மட்டுமில்லை, அவன் டீக்கடைக்குப் போகும் வழியும் அந்தத் தெருதான்.

கிளம்பும் அவசரத்தில் தளவாய் ஒன்றிரண்டு விஷயங்கள் சொன்னார். தண்ணீரில் எதையும் போடக் கூடாது. தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பவளம் வெளிச்சத்தைச் சாப்பிட்டுத்தான் வளர்கிறது, அதனால் வெளிச்சம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணை எடுக்காமல் இருப்பது சிரமமான வேலையாக இருந்தது. கூட்டாளிகள் மூவரும் தளவாய் வீட்டிலேயே தங்கி முறை வைத்துப் பார்த்தார்கள். ஆனால் கண்ணை இமைக்கும்போது என்ன செய்வது என்று இசக்கியப்பனுக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில், ஒருவர் இமைக்கப் போகும் முன் "இமைக்கேன்" என்று சொல்ல வேண்டும், மற்றவர் உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. முதல் நாள் முழுவதும் அந்த வீட்டிலிருந்து அந்தச் சொல் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் விளக்கு தானாக அணைந்தது. அது தளவாய் வைத்த டைமரின் வேலை. மூவரும் திடுக்கிட்டார்கள்.

"வெளிச்சம் குறையக் கூடாதுன்னுல்லா மாமா சொன்னாவ?" என்றான் கோமதிநாயகம்.

டைமரைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். விளக்கு இரவும் பகலும் எரிந்தது. பிறகு சுடலைமணி ஒரு நியாயம் கேட்டான். வெளிச்சம்தான் இதற்குச் சாப்பாடு என்றால், மாப்பிள்ளை ஆகப்போகிறவன் வீட்டில் இருக்கும்போது இப்படிக் கஞ்சி மாதிரி நீல வெளிச்சத்தை ஊற்றுவது மரியாதையா? கோமதிநாயகத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைக்கு ஓடிப்போய், தேரோட்டத்துக்குக் கட்டும் போக்கஸ் விளக்கு இரண்டைக் கொண்டுவந்து தொட்டிக்கு மேலே கட்டினான். எதிர்வீட்டுக் கோழி அன்றைக்கு விடிந்துவிட்டது என்று நினைத்துக் கூவ ஆரம்பித்து, நிறுத்த இடம் தெரியாமல் கூவிக்கொண்டே இருந்தது.

விருந்து வைத்தும் பவளம் தேறவில்லை. நீட்டிய விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. காப்பி நிறம் வெளிறி, பால் நிறமாகி, ஒரு காலையில் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. கோமதிநாயகம் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது, அழவும் செய்தான்.

கூட்டாளிகள் நோயைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தார்கள்.

"நரைச்சிருக்குலே. வயசு ஆகுதுல்லா," என்றான் இசக்கியப்பன். கையோடு தலைக்குப் போடும் சாயப் பொட்டலத்தையும் எடுத்தான்.

"தண்ணியில எதையும் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ," என்று கோமதிநாயகம் தடுத்தான்.

சுடலைமணி, நரை என்றால் ஒரே நாளில் உச்சந்தலை முழுக்க வராது, இது பயத்தில் வெளுத்திருக்கிறது என்றான். எதைப் பார்த்துப் பயந்தது என்று யோசித்தார்கள். தொட்டிக்கு முன்னால் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது இசக்கியப்பன்தான். அதனால் அவனைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்கள். பவளம் அதற்கும் அசையவில்லை. இசக்கியப்பன் மனசு நொந்து, பந்தலுக்கு ஒட்டும் காப்பி நிறக் கண்ணாடிக் காகிதத்தை எடுத்துத் தொட்டியின் முன்பக்கம் ஒட்டினான். இப்போது பவளம் பழைய நிறத்தில் தெரிந்தது. மீன்களும் அதே நிறத்தில் தெரிந்தன. மோட்டாரும் அதே நிறத்தில் தெரிந்தது.

கோமதிநாயகம் அதைக் கிழித்துப் போட்டான். தளவாயை ஏமாற்றிப் பெண் கட்டுவதில் அவனுக்கு விருப்பம் இல்லை. "மாமா இதப் பிராணின்னுதானலே சொன்னாவ? பிராணிக்குச் சீக்குன்னா எங்க போவாவ?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரே பதில்தான். தொட்டித் தண்ணீரையே எவர்சில்வர் வாளியில் மொண்டு, பவளத்தை அதில் வைத்து, மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு சினை ஆட்டுக்கும் கால் ஒடிந்த கன்றுக்கும் நடுவில் வரிசையில் நின்றார்கள். டாக்டர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வழக்கம் விடாமல், தீனி எடுக்கிறதா என்று கேட்டார்.

"வெளிச்சம் திங்கும் சார். நாங்க குறை வைக்கல," என்றான் கோமதிநாயகம்.

நாக்கைப் பார்க்க வேண்டுமா என்று சுடலைமணி கேட்டான். இதற்கு நூறு வாய் இருக்கிறது, எந்த வாயைத் திறப்பது என்பதுதான் அவன் கவலை. டாக்டர் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். தனக்கு மாடும் ஆடும்தான் தெரியும், ஆனால் இந்தத் தண்ணீரில் தாராளமாகக் குளிக்கலாம் போலிருக்கிறதே, எப்படிச் சூடானது என்று கேட்டார். போக்கஸ் விளக்கைப் பற்றிச் சொன்னார்கள். எப்போது அணைப்பீர்கள் என்றார். அணைப்பதே இல்லை என்று மூவரும் பெருமையோடு சொன்னார்கள்.

டாக்டர் அடுத்து நின்ற கன்றைக் கூப்பிட்டுக்கொண்டே, "அதைத் தூங்க விடுங்கய்யா," என்றார்.

கோமதிநாயகத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவுதானா விஷயம். பவளத்தைத் தொட்டியில் பழையபடி வைத்து, போக்கஸ் விளக்கைக் கழற்றி, டைமரை மாட்டி, நீல விளக்கையும் சேர்த்து மேலே பந்தல் துணியைப் போர்த்தினார்கள். தாலாட்டு பாடலாமா கூடாதா என்று ஒரு விவாதம் நடந்தது. சுடலைமணியின் குரல் மைக் அறிவிப்புக்கு மட்டுமே பழக்கப்பட்டது என்பதால் வேண்டாம் என்று தீர்ந்தது.

ஆனால் தூக்கம் என்றால் சத்தம் ஆகாதல்லவா? மூவரும் வாயில் விரல் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். பால்காரரை மணியடிக்க விடவில்லை. காய்கறிக்காரர் வீடு வீடாகப் போய்க் காதில் கத்தரிக்காய் என்று சொன்னார். தெருக்கோடியில் இவர்களே கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரையும் இறக்கிவிட்டார்கள். தெருவில் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சத்தம் போடாதே என்று சொன்ன பிறகு எப்படிக் கேட்பது?

வாரக்கணக்கில் இப்படிப் போனது. வாசலில் பந்தல்காரர்கள், உள்ளே துணி போர்த்தி ஏதோ இருக்கிறது, தெருவே வாயடைத்துக் கிடக்கிறது. மேலத்தெருக்காரர்கள் இதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்து, மாலையோடு துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் மும்பைக்குப் போன் போட்டு, மனசைத் தேற்றிக்கொள்ளும்படி தளவாயிடம் சொல்லிவிட்டார்.

தன் குடும்பம் மொத்தமும் தன்னோடு மும்பையில் இருக்கும்போது தன் வீட்டில் யார் செத்திருக்க முடியும் என்று தளவாய் எண்ணிப் பார்த்தார். பவளம் ஒன்றுதான் மிச்சம். மனைவியோடும் வடிவோடும் அடித்துப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார். மாலைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கோமதிநாயகம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். வடிவை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, இனிமேல் பார்க்க முடியாது என்றே நினைத்தான்.

தளவாய் துணியை விலக்கினார். சுண்ணாம்பாக இருந்த பவளத்தின் அடியிலிருந்து காப்பி நிறம் மெல்ல ஏறிவந்திருந்தது. நுனியில் சின்னச் சின்ன விரல்கள் வெளியே வந்து ஆடின. என்ன நடந்தது என்று விசாரித்தார். கோமதிநாயகம் ஒன்றும் மறைக்காமல் சொன்னான். வெளுத்துப்போன பவளம் பிழைத்து அவர் பார்த்ததே இல்லை. அவர் கோமதிநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாகக் கிடந்தத எழுப்பிட்டீரே தம்பி. நாளக்கே நிச்சயத்த வச்சுக்குவோம்," என்றார்.

சந்தோஷத்தில், தொட்டிக்கென்று மும்பையிலிருந்து அவசரத்திலும் விடாமல் வாங்கி வந்த புது மீன் ஒன்றைக் காட்டினார். அதைப் பையோடு தண்ணீரில் மிதக்க விட்டபடி ஒரு விஷயமும் சொன்னார். ஒரு உயிர் புது இடத்துக்கு வந்தால் சட்டென்று உள்ளே விட்டுவிடக் கூடாது. வெளியிலேயே அதன் பழைய தண்ணீரில் வைத்து, இந்த வீட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்க வேண்டும். பழகும்வரை வெளியே எடுக்கவும் கூடாது.

கூட்டாளிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் நல்ல நேரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் மினி லாரியில் வந்தது. பட்டு வேட்டி, சட்டையோடு கோமதிநாயகம் தன் வீட்டுப் போர் பம்புத் தண்ணீர் நிறைந்த நீல டிரம்மில் கழுத்தளவு உட்கார்ந்திருந்தான். பெண் வீட்டு வாசலில் டிரம்மை இறக்கினார்கள். சுடலைமணி தளவாய் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றினான். ஐயர் நேரம் போகிறது என்றார். தளவாய் வெளியே வந்து, ஒரு விரலை டிரம்மில் விட்டார், இன்னொரு விரலைக் கிணற்று வாளியில் விட்டார், கண்ணை மூடி யோசித்தார்.

"இன்னும் பழகல. நிதானமா ஊத்துங்க," என்றார்.

வடிவு வாசல்படியில் வந்து நின்றாள். "அவுகளுக்குச் சரி. கல்யாணத்துக்கப்புறம் அந்த வீட்டுக்குப் போகப்போறது நானுல்லா? எனக்கு அவுக வீட்டுத் தண்ணி கொண்டாந்தியளா?" என்று கேட்டாள்.

மூவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. இதை எப்படி மறந்தோம் என்று சுடலைமணி தலையில் அடித்துக்கொண்டான். உடனே போய் எடுத்துவர வேண்டும். தண்ணீர் கொண்டுவர இருந்ததோ அந்த ஒரே டிரம். பழகும்வரை மாப்பிள்ளையை வெளியே எடுக்கவும் கூடாது. அதனால் கோமதிநாயகத்தோடு சேர்த்து டிரம்மைத் திரும்ப லாரியில் ஏற்றினார்கள். நாதஸ்வரக்காரர்களிடம் யாரும் நிறுத்தச் சொல்லாததால் அவர்களும் வாசித்துக்கொண்டே கூட ஏறிவிட்டார்கள். மாலை நனைந்துவிடாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை தெருமுனையில் திரும்ப, பின்னாலிருந்து தளவாய், வழியில் தண்ணீர் அலம்பிச் சிந்தினால் இதுவரை பழக்கியது வீண், முதலிலிருந்து ஊற்ற வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்.