வெள்ளி மயில் பிடி

எந்தச் சீமை என்று கேட்காதீர்கள். ஜமீன்தார் சங்கிலிவீரர் கூனிக் குறுகிய கதை இது. சம்பந்திகள் விருந்துக்கு வந்திருந்தார்கள். சமையல்காரி பேச்சி, பிடியில் பழங்கயிறு சுற்றிய கத்தியோடு பலாப்பழம் அறுக்க உட்கார்ந்தாள்.

ஜமீன்தார் பதறினார். "மானம் போகுது! இந்தா, வெள்ளி மயில் பிடி போட்ட கத்தி. இதாலே அறு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

"இவ்வளவு அழகான கத்திக்கு முதல் வெட்டு எசமான் கையாலே விழட்டுமே. பால் ஒட்டாம இருக்க எண்ணெய் தடவிக்குங்க" என்றாள் பேச்சி.

உச்சி குளிர்ந்த ஜமீன்தார் முழங்கைவரை எண்ணெய் பூசி ஓங்கினார். பழம் அசையவில்லை. மயில் வழுக்கிப் பறந்து, சம்பந்தியின் தலைப்பாகையைத் தட்டிவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தில் முங்கியது.

சம்பந்தியம்மா சிரித்துவிட்டாள். ஜமீன்தாருக்குக் காதுமடல் எரிந்தது. முகத்தை மூடலாமென்றால் கையெல்லாம் எண்ணெய்.

"பேச்சி," என்றார் தரையைப் பார்த்தபடி, "உன் கத்தியாலேயே அறும்மா."

"சரிங்க எசமான். மயிலை வெளியே எடுத்துடவா, இன்னும் கொஞ்சம் வேகட்டுமா?"